பார்வை குறையத் தொடங்கினால் யாரிடம், என்ன, எப்படிக் கேட்பது

கண் மருத்துவர் "இதற்கு மேல் சிகிச்சை இல்லை" என்று சொன்ன அன்று பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்றுதான், இன்னொரு மருத்துவரைத் தேடுவது. தேடுங்கள், இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த அறையை விட்டு எழுந்திருக்கும் முன் இதையும் கேட்டுவிடுங்கள்: "இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு படிக்க, நடக்க, வேலை செய்ய எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவர்களுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?" எனக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் நோய். முதலில் இருட்டில் தெரிவது நின்றது, அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் ஆனது. அந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை, யாரும் தாமாகச் சொல்லவும் இல்லை. நான்கு வருடம் வெளியே போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். உங்களுக்கு அந்த நான்கு வருடம் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, சான்றிதழ். உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம், வேலையிடத்தில் கருவிகள் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அதில் இரண்டு அளவுகள் இருக்க வேண்டும்: பார்வைக் கூர்மை, அதாவது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது; பார்வைப் புலம், அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. கூர்மை 3/60 என்று எழுதியிருந்தால், மற்றவர்கள் 60 மீட்டரில் நின்று பார்க்கும் ஒன்றை நீங்கள் 3 மீட்டருக்கு வந்துதான் பார்க்க முடியும் என்று அர்த்தம். நல்ல கண்ணிலேயே அதற்கும் கீழே என்றால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பார்வையின்மை என்று வகைப்படுத்துகிறது. சட்டப்படியான எல்லை நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கூர்மை நன்றாக இருக்கும், எழுத்துப் பலகையின் கீழ் வரியைக்கூடப் படித்துவிடுவோம், ஆனால் காலுக்கு முன்னால் கிடக்கும் நாற்காலி தெரியாது. ஆகவே புலப் பரிசோதனை செய்து அதன் முடிவையும் எழுதித்தரச் சொல்லி விடாமல் கேளுங்கள். "கொஞ்சம் தெரிகிறதே, நான் எப்படிப் பார்வையற்றவர் என்று பதிவு செய்வது" என்று தயங்குபவர்கள் நிறையப் பேர். பதிவு செய்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓரளவு பார்வை இருக்கத்தான் செய்கிறது.

அடுத்தது குறைபார்வை மையம். பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி, கூசும் ஒளியைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடி, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி எல்லாவற்றையும் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் பயன்படுத்திப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், அங்கே அந்த மேசையில் நன்றாகத் தெரிந்தது உங்கள் வீட்டு வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். கருவி வாங்கும் முன் வீட்டில் விளக்கைச் சரிசெய்வது நல்லது. கழுத்து வளையும் சிறிய மேசை விளக்கைப் புத்தகத்துக்குப் பாதித் தூரம் நெருக்கினால் புத்தகத்தின் மேல் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

யாரும் வெளியில் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பார்வை இழந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: முகங்கள், கோலம்போன்ற வடிவங்கள், சின்னச் சின்ன மனிதர்கள். இதற்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். 1760இல் சார்ல்ஸ் போனே என்ற சுவிஸ் இயற்கையியலாளர் தன் தாத்தாவுக்கு நடந்ததை எழுதி வைத்ததிலிருந்து வந்த பெயர் அது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானாகப் படங்களை உண்டாக்குகிறது, இது மனநோய் இல்லை. புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பார்களோ என்று பயந்து பெரியவர்கள் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் யாருக்காவது பார்வை போயிருந்தால் நீங்களே மெதுவாகக் கேளுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

சரி, நடப்பது. வெள்ளைக் கோலைக் கடையில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே நடமாட்டப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இப்போது உலகெங்கும் கற்பிக்கும் நீளக் கோல் முறை, இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த வீரர்களுக்காக 1940களில் ரிச்சர்ட் ஹூவர் என்ற அமெரிக்கர் வகுத்தது. கோல் நெஞ்செலும்பு உயரம் இருக்க வேண்டும், தோளகலத்துக்குச் சற்று அதிகமாக இருபக்கமும் போய்வர வேண்டும், வலது கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் தொட வேண்டும், அதாவது அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்து வைக்கிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் படி, சாலைக் கடப்பு, வாகனச் சத்தத்தை வைத்துத் திசை பிடிப்பது என்று எல்லாம் கைவரப் பல வாரங்கள் ஆகும். பயிற்சியை உங்கள் தெருவிலேயே, நீங்கள் தினம் போகும் பாதையிலேயே தரச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் பார்வை கொஞ்சம் இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது. நான் கோல் எடுக்கத் தயங்கியதற்குக் காரணம் வெட்கம்தான், ஆனால் எடுத்த பிறகு மக்கள் மேல் மோதுவது குறைந்தது, மோதினாலும் யாரும் திட்டவில்லை.

கைபேசியைப் பொறுத்தவரை, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஐபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் உள்ளேயே வருகிறது, ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், 2006இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற நிரலாளர் தொடங்கியது. ஒரு எச்சரிக்கை: திரைவாசிப்பானைப் போட்டதும் தொடும் முறையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் போட்டுவிட்டுக் கைபேசி கெட்டுப்போய்விட்டது என்று பதறியவர்கள் உண்டு. அதனால் எப்படி அணைப்பது என்பதை முதலில் கற்றுக்கொண்டு அப்புறம் போடுங்கள். உடனடியாக ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டால் பீ மை ஐஸ் செயலியில் காணொளி அழைப்பு போடலாம், ஒரு தன்னார்வலர் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். 2015இல் வந்தது, கட்டணம் இல்லை. ஆனால் கடவுச்சொல், வங்கி அட்டை எண் மட்டும் முகம் தெரியாதவரிடம் காட்ட வேண்டாம்.

"எல்லாம்தான் பேசுகிறதே, பிரெய்ல் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: மருந்துக் குப்பியில், மின்தூக்கிப் பொத்தானில், மேடையில் பேசும்போது கையில் வைத்திருக்கும் குறிப்பில் குரல் உதவாது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதக் கற்க வேண்டிய குழந்தைக்கு அது இன்னும் முக்கியம். குழந்தைக்குப் பிரெய்ல் கற்றுத்தர ஆளில்லை என்று பள்ளி சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு பிரெய்லையும் நடமாட்டத் திறனையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புத்தகங்களுக்கு 2013இன் மராகேஷ் ஒப்பந்தம் இருக்கிறது. 2016 முதல் நடைமுறையில் உள்ள இதில் சேர்ந்த நாடுகளில், பதிப்பாளரின் தனி அனுமதி இல்லாமலே ஒரு நூலை நாம் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றலாம், வேறொரு உறுப்பு நாட்டிலிருந்தும் பெறலாம். ஆகவே நூலகத்தில் "எங்களிடம் அந்த வடிவம் இல்லை" என்றால், "மராகேஷ் ஒப்பந்தப்படி வேறு எங்கிருந்தாவது வரவழைத்துத் தர முடியுமா" என்று கேளுங்கள்.

இனி உரிமையைக் கேட்கும் பகுதி. இதில்தான் பலரும் சோர்ந்துபோகிறோம், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு தொடங்கப் போன ஒரு வங்கியில், பார்வையுள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்றார்கள். நான் எதிரில் உட்கார்ந்திருக்க, என் மனைவியிடம் "இவருக்கு ஏடிஎம் அட்டை தேவையா?" என்று கேட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் வாயால் சண்டை போட்டிருந்தால் அன்று மாலையே அது காற்றோடு போயிருக்கும். நான் கேட்டது ஒன்றைத்தான்: "அந்த விதி எழுத்தில் எங்கே இருக்கிறது? ஒரு நகல் கொடுங்கள்." அப்படி ஒரு காகிதம் அவர்களிடம் இல்லை. அடுத்த வாரம் கணக்கு திறந்தது, சாட்சி இல்லாமல். மறுப்பவரிடம் மறுப்பை எழுதித்தரச் சொல்வது, நான் பார்த்த வரையில், எந்த வாக்குவாதத்தையும் விட அதிகம் பலன் தருகிறது.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அந்த ஐநா உடன்படிக்கை. 2006இல் நிறைவேறி 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டாம், சில எண்கள் தெரிந்தால் போதும். 9 அணுகல்வசதி பற்றியது, கட்டடம் இணையதளம் எல்லாம் அதில் அடங்கும். 12 சொந்தப் பணத்தைத் தானே நிர்வகிப்பது, 27 வேலை, 29 இரகசியமாக வாக்களிப்பது. 2ஆவது பிரிவில் "நியாயமான வசதி" என்பதற்கு விளக்கம் இருக்கிறது, அளவுக்கு மீறிய சுமை ஆகாத ஒரு மாற்றத்தைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது. இதை வைத்து உங்கள் நாட்டில் இயற்றிய சட்டத்தின் பெயரையும் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள், கடிதத்தில் முதலில் அதையே குறிப்பிடுங்கள், உடன்படிக்கை துணைக்கு நிற்கட்டும்.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். நீங்கள் பட்ட வேதனை உண்மைதான், ஆனால் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இதுபோல:

"நான் பார்வையற்றவர், டாக்பேக் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். உங்கள் செயலியில் இந்த வாரம் 3 முறை பணம் அனுப்ப முயன்றேன். கடைசிப் பக்கத்தில் உள்ள பொத்தானுக்குப் பெயர் இடாததால் 'பொத்தான்' என்று மட்டும் கேட்கிறது, எது உறுதி எது ரத்து என்று தெரியவில்லை. பொத்தான்களுக்குப் பெயர் இடுங்கள். அது முடியும் வரை இதே சேவையைத் தொலைபேசியில், கூடுதல் கட்டணம் இல்லாமல் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

எந்தக் கருவி, எந்தப் பக்கம், எத்தனை முறை, என்ன நடந்தது, என்ன வேண்டும், அதுவரை என்ன ஏற்பாடு, எந்த நாளுக்குள். இவ்வளவும் இருந்தால் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும், இல்லாவிட்டால் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வந்து முடிந்துவிடும். இணையதளம் பற்றிய புகார் என்றால் டபிள்யூசிஏஜி என்ற அணுகல்வசதி வழிகாட்டியைக் குறிப்பிடுங்கள், 2023இல் அதன் 2.2 பதிப்பு வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும், படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எழுத்து வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முடிந்தால் திரைவாசிப்பான் பேசுவதை ஒரு நிமிடம் பதிவு செய்து இணையுங்கள். பார்வையுள்ள பொறியாளர் பலருக்கு அது எப்படிக் கேட்கும் என்றே தெரியாது, கேட்டதும் புரிந்துகொண்டு சரிசெய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மேலதிகாரிக்கு, அப்புறம் அந்தத் துறையின் குறைதீர்ப்பாளருக்கோ மாற்றுத்திறனாளிகள் ஆணையத்துக்கோ அனுப்புங்கள். தனியாக அனுப்புவதை விட ஒரு அமைப்பு வழியாக அனுப்பினால் எடை கூடும். அமைப்பைத் தேடும்போது, அது பார்வையற்றோருக்காக மற்றவர்கள் நடத்துவதா, பார்வையற்றோரே நடத்துவதா என்று பாருங்கள். பயிற்சிக்கும் கருவிக்கும் முதல் வகை நன்றாக உதவலாம், ஆனால் உரிமைப் போராட்டத்துக்கு நான் இரண்டாவது வகையிடம்தான் போவேன், நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் பார்வையற்றவர்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும். 1984இல் உருவான உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தின் உறுப்பு அமைப்புகளில் உங்கள் நாட்டு அமைப்பு எது என்று பார்த்துத் தொடங்கலாம்.

கூட வரும் குடும்பத்தாருக்கு இரண்டு வார்த்தை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரைக் காலடித் தூரம் முன்னால் நடங்கள். அலுவலகத்தில் கேள்வி உங்களிடம் வந்தால் பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்புங்கள், கேட்டவரே புரிந்துகொள்வார்.

கடைசியாக, "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்ததும் நன்றி சொல்லி முடித்துவிடாதீர்கள். முதலிலிருந்து கடைசி வரை நீங்களே ஒருமுறை, யார் உதவியும் இல்லாமல் செய்து பாருங்கள், நடந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். செயலியின் அடுத்த பதிப்பு வரும்போது அதே பொத்தான் மறுபடி பெயர் இழந்து நிற்கலாம். பழைய கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தால், தேதியை மாற்றி, முந்தைய புகார் எண்ணைச் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் திரும்ப அனுப்பிவிடலாம்.