பிரெஞ்சு நாடகத்தில் ரோமைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர்களான கொர்னேயையும் ரசீனையும் புதிதாகப் படிப்பவர்கள் பாத்திரப் பெயர்களைக் குழப்பிக்கொள்வார்கள். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். விடாமல் ஒட்டிக்கொள்ளும் தவறுகள் வேறு.

மாற்றத்தை அறியாமை என்று எண்ணுவது

எரிச்சலூட்டுவது இதுதான். லத்தீன் மூலத்தோடு ஒப்பிட்டு, "இங்கே ஆசிரியர் வரலாற்றைத் தவறாக எழுதிவிட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். கொர்னேய் ரோம வரலாற்றாசிரியர் லிவியைக் கரைத்துக் குடித்தவர்.

'ஓராஸ்' (1640) நாடகத்தையே பாருங்கள். மூலம் லிவியின் முதல் நூல், 24 முதல் 26 வரையான அத்தியாயங்கள். ரோமுக்கும் ஆல்பாவுக்கும் நடந்த போரை, இரு தரப்பிலும் மூன்று சகோதரர்கள் மோதித் தீர்க்கிறார்கள். அதில் ரோமுக்காக வென்று திரும்பும் ஓராஸ், மாண்ட எதிரிக்காக அழும் தன் தங்கையைக் கொல்கிறான். அவளுக்கு நிச்சயித்திருந்தவன் அந்த எதிரிதான், பெயர் கியூரியாஸ். லிவியில் மன்னன் துல்லுஸ் தீர்ப்புச் சொல்லாமல் நழுவி, இரு நீதிபதிகளை நியமிக்கிறான். அவர்கள் தண்டிக்கிறார்கள், ஓராஸ் மக்களிடம் முறையிடுகிறான், தந்தை மன்றாட, மக்கள் விடுவிக்கிறார்கள். கொர்னேயிடம் நீதிபதிகளும் இல்லை, மக்கள் மன்றமும் இல்லை. ஐந்தாம் அங்கத்தில் மன்னனே ஓராஸின் வீட்டுக்கு வருகிறான். அந்தத் தங்கையைக் காதலித்த வாலேர் குற்றம்சாட்ட, கிழத் தந்தை வாதாட, குற்றம் குற்றம்தான் என்று சொல்லிக்கொண்டே மன்னன் உயிர்ப்பிச்சை தருகிறான்: அரசுக்கு அவன் தேவை. மக்கள் தந்த விடுதலை அரசனின் அருளாகிவிட்டது. 1641இல் அச்சான இந்நாடகம் பிரெஞ்சு அரசின் முதலமைச்சர் ரிஷலியூவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதைப் பிழை என்று தள்ளினால் நாடகத்தின் அரசியலே கையைவிட்டுப் போய்விடும்.

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: நீக்கியது, சேர்த்தது, மாற்றி அமைத்தது. ஓராஸின் மனைவி சபீன் லிவியில் கிடையாது, சேர்த்ததில் எழுதுங்கள். கியூரியாஸின் சகோதரியான அவளுக்கு எந்தப் பக்கம் வென்றாலும் இழவு. மூன்றாம் பத்திக்குச் சண்டை. காட்சி வீட்டுக்குள்ளேயே நடப்பதால் சண்டையைச் செய்தியாகத்தான் சொல்ல முடியும். கொர்னேய் அதையும் இரண்டாக உடைக்கிறார்: ஓராஸ் சகோதரர்களில் இருவர் மாண்டார்கள், மூன்றாமவன் ஓடிவிட்டான் என்று மூன்றாம் அங்கத்தில் தோழி ஜூலி சொல்கிறாள். அந்த ஓட்டம் தந்திரம் என்பது நான்காம் அங்கத்தில்தான் தெரிகிறது. இடையில் தந்தையின் சீற்றத்துக்கு இடம் கிடைக்கிறது. மேடை விதியிலிருந்து பிறந்த மாற்றம் எது, அரசியலிலிருந்து பிறந்தது எது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னுரையைத் தாண்டிப் போவது

'பிரிட்டானிக்குஸ்' (1669) நாடகத்துக்கு ரசீன் இரண்டு முன்னுரைகள் எழுதினார்: 1670, 1676. வரலாற்றில் இறந்துவிட்ட நார்சிஸை நாடகத்தில் வாழவைத்தது, வெஸ்டா தேவியின் கோயிலில் பணிசெய்யும் வெஸ்டல் கன்னியரை 6 முதல் 10 வயதுக்குள் மட்டுமே சேர்ப்பார்கள் என்றிருக்க வயதுவந்த நாயகி ஜூனியை அங்கே அனுப்பியது, எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்காமல் 'கண்டுபிடிப்பது' வீண் வேலை.

தித்துஸ் என்றால் பதினான்காம் லூயி

ரசீனின் 'பெரெனிஸ்' நாடகத்து ரோமப் பேரரசன் தித்துஸைப் பிரெஞ்சு மன்னனாகவே பார்க்கும் இந்தச் சமன்பாட்டோடு கட்டுரையை முடிக்காதீர்கள்.

'பெரெனிஸ்' நாடகத்தில் சாவைத் தேடுவது

துன்பியல் நாடகம்தான், ஆனால் யாரும் சாவதில்லை.

பதிப்பைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது

'ஓராஸ்' நாடகத்தில் தங்கை கமீய் மேடையில் குத்தப்படுகிறாளா, திரைக்குப் பின்னா? அவள் ஓடிப்போய் மறைவில் அடிபட வேண்டும் என்கிறார் கொர்னேய், தன் நாடகத்துக்குத் தானே எழுதிய 1660ஆம் ஆண்டுத் திறனாய்வில். பார்வையாளர் முன் ரத்தம் சிந்தினால் அது நடிகையின் குற்றமாம்! மேடைக் குறிப்பை அந்தப் பதிப்பில்தான் தெளிவாக்கியதாகவும் சொல்கிறார். ஆகவே 1641 பதிப்பா, 1660 பதிப்பா என்று மேற்கோளுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.