ஈமாக்ஸில் ஹெய்க் படங்களைத் திறப்பது எப்படி?

அக்கா ஐபோனில் எடுத்து அனுப்பிய வீட்டுப் பத்திரப் படங்களை என் குறிப்புகளோடு ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியிலேயே பார்க்க நினைத்து ஒன்றைத் திறந்தேன், திரை முழுக்கப் புரியாத குறிகள். முதல் வரியில் ஹெய்க் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் படிக்க முடிந்தது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் அமைப்பை மாற்றாவிட்டால் படங்களை இந்த வடிவத்தில்தான் சேமிக்கின்றன, லினக்ஸில் ஓடும் ஈமாக்ஸுக்கோ இதை நேரடியாகப் படிக்கப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வேறொரு நிரலைக் கூப்பிட்டு, அது பிஎன்ஜி என்ற பொதுவான பட வடிவத்துக்கு மாற்றித் தருவதை வாங்கிக் காட்ட அதற்குத் தெரியும். இந்த வசதி 27-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, 29 இருந்தால் இன்னும் நல்லது.

அதனால் ஈமாக்ஸைத் தொடும் முன் அந்த மாற்றும் நிரலைச் சோதியுங்கள். உபுண்டு லினக்ஸ் என்றால் டெர்மினலில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் நிரலை நிறுவிவிட்டு, அதன் கன்வர்ட் கட்டளையை லிஸ்ட் ஃபார்மாட் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். நீளமான பட்டியல் ஒன்று ஓடும், அதில் ஹெய்க் வரியைத் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஆர், டபிள்யூ, கூட்டல் குறி எனச் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். ஆர் இருந்தால் படிக்கும் என்று அர்த்தம். ஆருக்குப் பதில் கோடு இருந்தாலோ வரியே இல்லாவிட்டாலோ, ஹெய்க்கைப் படிக்க உதவும் லிப்ஹெய்ஃப் நூலகத்தின் ஆதரவு இல்லை. அதைச் சரிசெய்யாமல் ஈமாக்ஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இருக்காது.

ஆர் இருக்கிறதா? சரி, இப்போது ஈமாக்ஸ். ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தி கஸ்டமைஸ்-வேரியபிள் என்று தட்டி, பெயர் கேட்கும்போது இமேஜ்-யூஸ்-எக்ஸ்டர்னல்-கன்வெர்ட்டர் என்று கொடுங்கள். டாகிளை அழுத்தி, அப்புறம் அப்ளை அண்ட் சேவ். அவ்வளவுதான்.

படத்தைத் திறந்து பாருங்கள். இன்னமும் குறிகளாகவே வந்தால் ஆல்ட்-எக்ஸ், இமேஜ்-மோட் என்று கொடுங்கள். ஐபோன் படம் பெரியது, மாற்றி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பதறி மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். ஈமாக்ஸை டெர்மினலுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இது வேலை செய்யாது, தனிச் சாளரம் வேண்டும்.

நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. எந்த நிரலைக் கூப்பிடுவது என்று நாம் சொல்லாவிட்டால், ஈமாக்ஸ் தேடி முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். என் கணினியில் வேறெதற்கோ நிறுவிய கிராஃபிக்ஸ்மேஜிக் என்ற இன்னொரு மாற்றும் நிரல் இருந்தது, என்னிடம் இருந்த அந்தப் பதிப்புக்கு ஹெய்க் தெரியாது, ஆர் அடையாளத்தோடு இமேஜ்மேஜிக் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லாமல் போனது. உங்களுக்கும் அப்படியானால் அதே முறையில் இமேஜ்-கன்வெர்ட்டர் என்ற மாறியைத் திறந்து, இமேஜ்மேஜிக் என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் கொடுத்துச் சேமித்து, ஈமாக்ஸை மூடித் திறங்கள்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிட்டா கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அன்ஜிப் கட்டளையால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தால் மெர்ஜ்டுஇமேஜ் என்ற பெயரில் ஒரு பிஎன்ஜி தயாராகவே இருக்கும். 29-ஆம் பதிப்பில் வந்த இமேஜ்-கன்வெர்ட்டர்-ஆட்-ஹேண்ட்லர் என்ற வசதியில் அந்தப் படத்தை மட்டும் உருவித் தரும் சின்ன செயற்கூறு ஒன்றைக் கொடுத்தால் போதும், ஓப்பன்ராஸ்டர் என்ற இன்னொரு ஓவிய வடிவக் கோப்பிலும் அதே பெயரில்தான் படம் இருக்கிறது என்பதால் அதற்கும் அதே செயற்கூறு ஆகும்.