முதல் மைப்பேனா: எதை எடுப்பது?

எப்போதாவது எழுதுபவருக்கு பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பிதான் சரி. மூடிக்குள் காற்று புகாமல் அடைக்கும் உள்மூடி இருப்பதால் வாரக்கணக்கில் கிடந்தாலும் மை காயாது. பிளாஸ்டிக் மூடியில் விரிசல் மட்டும் விழலாம். லாமி சஃபாரியின் முக்கோணப் பிடி விரல்களை ஓரிடத்தில் நிறுத்தும். வேறு விதமாகப் பிடித்துப் பழகியவருக்கு அதுவே தொல்லை. பைலட் மெட்ரோபாலிட்டனுக்கு பித்தளை உடல், கனம் கூடுதல்.

ஜப்பானிய 'எஃப்' (ஃபைன், அதாவது மெல்லிய) நிப் பொதுவாக ஐரோப்பிய 'எஃப்'பைவிட மெல்லியது. சாதாரண நோட்டுத்தாளில் மை ஊறிப் பரவும் என்பதால் மெல்லியதையே எடுங்கள்.

புதுப் பேனா எழுதவில்லையா? அழுத்தாதீர்கள், நிப்பின் பிளவு விரிந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த குளிர்நீரில் அலசி, வெறும் நீரில் கழுவி, உலர்ந்தபின் மை நிரப்புங்கள். ஓவியத்துக்கான கறுப்பு மையான இந்தியன் இங்க் கூடவே கூடாது. அதிலுள்ள அரக்கு காய்ந்து மைப்பாதையை அடைத்துவிடும்.