வலப்பக்கக் கப்பில் ஒரு கோடு

மிலானின் நவிலியோ கால்வாய்க் கரையில், மாதக் கடைசி ஞாயிறு கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு பியாங்கி சைக்கிள் வாங்கினேன். 1984-இல் செய்தது, கொலம்பஸ் நிறுவன எஃகுக் குழாய், கம்பன்யோலோ நிறுவனப் பாகங்கள். மூன்றாம் வாரம் அதை கிசாலோ ஏற்றத்துக்குக் கொண்டுபோனேன். சைக்கிள்காரர்களின் காவல் மாதாவுக்குக் கோயில் இருக்கும் மலை அது. பாதி வழியில் மிதிக்கு ஒரு 'டக்' கேட்டது. இறங்கி, பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்து அசைத்தேன், பக்கவாட்டில் ஆடியது. கிராங்கின் அச்சைத் தாங்க ஃபிரேமுக்குள் மரையால் திருகியிருக்கும் வலப்பக்கக் கப்பு கழன்றிருந்தது.

பழைய இத்தாலிய சைக்கிள் வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கப்பைத்தான். ஆங்கிலேய அளவில் வலப்பக்கம் இடமரை, அதாவது இடப்புறம் சுற்றினால் இறுகும். கப்பு தானாகக் கழலாது. இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலமரை. அதனால் ஓட ஓட வலக் கப்பு கழலப் பார்க்கும். அளவும் வேறு: கப்பின் விட்டம் 36 மி.மீ., அது இறங்கும் குழாயின் அகலம் 70 மி.மீ. புதுக் கப்பு வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

கிராங்க் போல்ட்டைக் கழற்றியதும், கிராங்கை இழுக்கும் கருவியைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றுங்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான். அலுமினிய மரை ஒருமுறை தேய்ந்தால் கிராங்க் போயிற்று. பிறகு இடப்பக்கப் பூட்டு வளையம், இடக் கப்பு, அச்சு, கடைசியாக வலக் கப்பு. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, குண்டு ஓடும் தடத்தை விளக்கருகே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குழி தெரிந்தாலும் அந்தக் கப்பை மாற்றிவிட வேண்டும். குண்டுகள் எப்போதும் புதியவை: பக்கத்துக்கு 11, கால் அங்குலம்.

வலக் கப்பின் மரையில் நான் கிரீஸ் பூசுவதில்லை. மரையை உலரத் துடைத்து, நீல நிற மரைப் பசை இரண்டு சொட்டு விட்டு, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் உடம்பின் எடையைக் கொடுத்து இறுக்குகிறேன். பிறகு கப்பிலிருந்து ஃபிரேம்வரை நகச்சாயத்தால் மெல்லிய கோடு ஒன்று. கோடு உடைந்திருந்தால் கப்பு நகர்ந்திருக்கிறது. புறப்படும் முன் குனிந்து ஒரு பார்வை, அவ்வளவுதான்.

இடக் கப்பை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் திருகுங்கள். பூட்டு வளையத்தை இறுக்கும்போது கப்பும் கொஞ்சம் கூடவே சுற்றும்; அதற்காக ஒரு மயிரிழை தளர்த்தி வையுங்கள். அச்சை விரலால் சுழற்றினால் மணல் நெருடுவது போல இருக்கக் கூடாது.

சீட் கம்பியையும் ஹேண்டில் தண்டையும் ஆண்டுக்கொரு முறை உருவிக் கிரீஸ் தடவிவிடுங்கள். எஃகுக்குள் அலுமினியம் ஒட்டிக்கொண்டால் பிரிக்க ஃபிரேமையே அறுக்க நேரும்.

மேம்படுத்துவதில் நான் கஞ்சன். பிரேக் கட்டை, கேபிள், டயர் இந்த மூன்றையும் தயங்காமல் புதிதாகப் போடுங்கள். 40 ஆண்டுப் பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், இறக்கத்தில் அதை நம்பக் கூடாது. டயர் 25 மி.மீ. போதும், ஃபோர்க்கிலும் பிரேக்கடியிலும் இடம் இருந்தால் 28. மலைக்கு முன்பக்கப் பல்சக்கரத்தைச் சிறிதாக்க நினைத்தால், பழைய கம்பன்யோலோ கிராங்கில் போல்ட் வட்டம் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 144 மி.மீ. என்பதால் 41 பல்லுக்குக் கீழே பொருந்தாது. ஆகவே பின்பக்க ஃப்ரீவீலில்தான் பெரிய பல் தேட வேண்டும். நான் 28 பல் போட்டிருக்கிறேன்.

புதுச் சக்கரம் போடுவதற்காகப் பின் ஃபோர்க்கின் இடைவெளியை 126-இலிருந்து 130 மி.மீ.க்கு விரிப்பவர்கள் உண்டு. எஃகு வளைந்து கொடுக்கும்தான், ஆனால் என் கை அதற்கு எழவில்லை. கியர் லீவரும் கீழ்க்குழாயிலேயே இருக்கிறது. இத்தாலியின் கையோலேயில் 1997 முதல் நடக்கும் எரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தின் வெள்ளை மண் சாலைகளில் ஓட்ட, 1987 அல்லது அதற்கு முந்தைய சைக்கிள் வேண்டும். லீவர் கீழ்க்குழாயில், பெடலில் தோல்வார், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே. இந்த அக்டோபரில் அங்கே போகிறேன். நகச்சாயப் புட்டி பையில் இருக்கிறது.