சப்வூஃபர் பெட்டிக்கு எத்தனை லிட்டர்?

என் ஸ்விஃப்ட் டிக்கியில், ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபருக்கு முதலில் இருந்தது கடையில் வாங்கிய ரெடிமேட் பெட்டி. "பன்னிரண்டு இஞ்சுக்கு இதுதான் சார் சைஸ்" என்றார்கள். தவில் கேட்டால் அதன் ஆழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் அடி ஒவ்வொன்றாக விழாமல் ஒரே உறுமலாக வந்தது. ஸ்பீக்கரில் குறை இல்லை. பெட்டிக்குள் காற்றுதான் போதவில்லை.

பெட்டியின் அளவை முடிவு செய்வது இஞ்ச் அல்ல. ஸ்பீக்கரோடு வரும் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். எஃப்எஸ் என்பது கோன், அதாவது ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு, இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ். க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும். விஏஎஸ் லிட்டரில் இருக்கும். கோனைத் தாங்கும் பாகங்களின் விறைப்புக்குச் சமமான விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு உண்டோ, அது. தீல், ஸ்மால் என்ற இருவரின் பெயரால் வழங்கும் எண்கள் இவை. இந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை நான் வாங்குவதே இல்லை.

என்னுடையதற்கு எஃப்எஸ் 28, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 50 லிட்டர். மூடிய பெட்டிக்குள் வைத்த பிறகு ஸ்பீக்கரின் க்யூ எண் 0.707 ஆக வேண்டும் என்ற இலக்கை வைத்துக்கொண்டேன். ஒலி சீராக இறங்கும் இடம் அது. 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.571. அதன் வர்க்கம் 2.47. ஒன்றைக் கழித்தால் 1.47. விஏஎஸ் 50-ஐ இதால் வகுக்க, 34 லிட்டர். அதே ஸ்பீக்கருக்கு இலக்கை 1.0 ஆக்கினால் 12.7 லிட்டரே போதும். ஆனால் அந்த உறுமல் திரும்பி வந்துவிடும். டிக்கியில் இடம் குறைவு என்றால் 0.8 வைத்து 23 லிட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே வேண்டாம்.

இனி பலகை. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 34 லிட்டர் என்பது உள்ளே இருக்கும் காற்று. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திச் செய்த பலகை) என்றால் ஒவ்வொரு பக்க அளவிலும் 3.6 செ.மீ. போய்விடும். 45 × 36 × 30 செ.மீ. பெட்டியை வெளியே அளந்தால் 48.6 லிட்டர், உள்ளே 41.4 × 32.4 × 26.4, அதாவது 35.4 லிட்டர்தான். அதிலும் ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (கோனைத் தாங்கும் சட்டம்) என் தாளின்படி 1.4 லிட்டரை அடைத்துக்கொள்ளும். மீதி சரியாக 34.

சீட்டின் சாய்வுக்கு ஏற்பப் பின்பலகையைச் சாய்த்தால், உள் ஆழத்தை மேலேயும் கீழேயும் அளந்து சராசரி எடுங்கள். மேலே 22.4, கீழே 30.4 என்றால் சராசரி அதே 26.4. காந்தம் பின்பலகையில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் அறுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய், வைத்த பெட்டி வேறு கணக்கு. குழாயின் நீளமும் அதில் சேரும், குழாய் அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். சின்னக் காருக்குள் ஆழ்ந்த ஒலி தானாகவே கூடும் என்பதால், எனக்கு மூடிய பெட்டியே பிடித்திருக்கிறது.

மூலைகளுக்கு ஃபெவிகால், அதன் மேல் உள்பக்கம் சிலிக்கான். அது நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பீக்கரை மாட்டி, கோனை இரு கைகளாலும் மெதுவாக அழுத்தி விடுங்கள். அது நிதானமாகத் திரும்ப வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது. ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் வரும் கேஸ்கெட்டையும் ஒயர் போகும் ஓட்டையையும் முதலில் பாருங்கள்.