சைக்கிளுக்கு உண்மையாகவே ஆதரவு தரும் கட்சி எது? நாமே சோதித்துப் பார்க்கும் வழி

தமிழ்நாட்டில் சைக்கிளை எதிர்க்கும் கட்சி ஒன்றுகூட இல்லை. 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்திலேயே தேர்தலில் நின்றது. மாணவர்களுக்கான இலவச சைக்கிள் திட்டம் ஜெயலலிதா ஆட்சியில், 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. அந்தச் சைக்கிள் என்ன செய்யும் என்பதை அரசுப் பள்ளி ஆசிரியையாக நான் நேரில் பார்க்கிறேன். பஸ் வராத ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிடாமல் எங்களிடம் வந்து சேருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்தப் பிள்ளைகள் சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பள்ளி ஆவடிக்கு மேற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. தார் முடிகிற இடத்தில் விளிம்பு உடைந்து, மண்ணுக்கும் தாருக்கும் இடையே ஒரு சாண் பள்ளம். சாயங்காலம் பெல் அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில்தான் டிப்பர் லாரிகளும் வரும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தால், கூடையில் பையும் கேரியரில் தங்கச்சியுமாகப் போகும் பிள்ளை அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சைக்கிள் கொடுத்தால் எந்தக் கட்சிக்கும் ஓட்டு குறையாது. ரோட்டில் இடம் கொடுத்தால் காருக்கும் கடைவாசல் பார்க்கிங்குக்கும் கொஞ்சம் குறையும், சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கும் கட்சிதான் சைக்கிள் கட்சி. அதைக் கண்டுபிடிக்க நான் செய்வதை இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலை ஆணையமா, ஊராட்சியா? சென்னையிலேயே அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், பேருந்து போகும் மற்ற பல சாலைகளும் உட்புறத் தெருக்களும் மாநகராட்சியிடமும் இருக்கின்றன. இது தெரியாமல் போனால் கவுன்சிலர் எம்.எல்.ஏ.வைக் காட்டுவார், எம்.எல்.ஏ. டெல்லியைக் காட்டுவார். வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது பணம். தேர்தல் அறிக்கையில் 'சைக்கிள்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அது எல்லா அறிக்கையிலும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். பட்ஜெட்டில் தேடுங்கள். சென்னை மாநகராட்சி 2014-ல், மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். அப்போது மாமன்றம் அ.தி.மு.க. கையில் இருந்தது, 2022 தேர்தலுக்குப் பிறகு தி.மு.க. கையில் வந்தது. அதனால் இரண்டு கட்சிக் கவுன்சிலர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: "அந்த 60 சதவீதத்தில் நம் வார்டுக்கு வந்தது எவ்வளவு?" கொள்கையின் பெயரே தெரியாமல் ஒருவர் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான். வேறு ஊர்க்காரர்கள், தங்கள் நகராட்சியில் இப்படி ஒரு தீர்மானம் உண்டா என்று கேட்டுத் தொடங்கலாம்.

வாயால் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, மாநில அரசு, உள்ளாட்சி அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற மத்திய அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி எழுதும் விதம் மிக முக்கியம். "சைக்கிள் பயணத்தை ஊக்குவிக்க எடுத்த நடவடிக்கைகள் என்ன?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற ஒரு வரிதான் வரும். கடந்த மூன்று நிதியாண்டில் நடைபாதை, சைக்கிள் பாதை அமைத்த சாலைகளின் பெயர், நீளம் எத்தனை மீட்டர், அகலம் எத்தனை மீட்டர், ஒப்பந்தத் தொகை, பணி முடிந்த தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

பதில் வந்ததும் டேப் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவையின் (IRC) நெறிமுறைப்படி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையே இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ரோட்டிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மொத்த அகலத்தை அளக்காதீர்கள். மின்வாரியப் பெட்டி, மரம், கடைப் பலகை எல்லாம் போக மீதியை அளக்க வேண்டும். அப்படியே கட்சிக் கொடிக்கம்பங்களையும் எண்ணுங்கள். பொது இடங்களில் நிரந்தரமாக நட்ட கொடிக்கம்பங்களை அகற்றும்படி 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு எழுதும்போது இந்த இரண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இனி ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "சைக்கிள் பாதை போடுவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இந்த ரோட்டில் எந்தப் பக்கத்துப் பார்க்கிங்கை எடுத்துப் பாதை போடுவீர்கள்?" என்று ரோட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், கடைக்காரர்கள் நிற்கும்போது கேளுங்கள், அல்லது பகுதி சபையிலோ கிராம சபையிலோ எழுந்து நின்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "பார்க்கலாம்மா" என்பதை இல்லை என்றே குறித்துக்கொள்வேன். வியாபாரிகளிடம் பேசி ஆறு மாதம் சோதனை செய்து பார்ப்போம் என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவருக்கு என் மதிப்பு உண்டு. முடியாத காரியமும் இல்லை இது. பாண்டி பஜாரில் காரிடமிருந்து இடம் எடுத்து அகல நடைபாதை அமைத்து 2019-ல் திறந்தார்கள், 2021-ல் ஆட்சி மாறியும் அது இருக்கிறது.

கடைசியாக, அடுத்த கட்சியிடமும் போங்கள். சைக்கிளையே சின்னமாக வைத்திருக்கும் சமாஜ்வாதி கட்சி, உத்தரப் பிரதேசத்தில் ஆட்சியில் இருந்தபோது லக்னோவில் சைக்கிள் தடங்கள் போட்டது, எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் பாதையும் 2016-ல் திறந்தது. 2017-ல் ஆட்சி மாறியதும், நகரத்துத் தடங்களை எடுத்துவிடலாம் என்ற பேச்சு புது அரசின் பக்கத்திலிருந்தே வந்தது. ஒரு கட்சியின் பாதை என்று பெயர் வாங்கிய பாதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே, உங்கள் ரோட்டுக்கு ஆளுங்கட்சி சம்மதித்தாலும் எதிர்க்கட்சிக்காரரின் கையெழுத்தையும் அதே மனுவில் வாங்குங்கள். மாமன்றத்தில் தீர்மானமாக வந்தால் தீர்மான எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழா முடிந்து ஆறு மாதம் கழித்து, பைக் ஏறாமல் தடுக்கும் கம்பங்கள் இருக்கின்றனவா, பாதை சொன்ன நீளம் முழுக்க இருக்கிறதா என்று அதே டேப்போடு போய் அளந்து பாருங்கள்.