பழைய ரெமிங்டன் 742-க்குத் துல்லியமான தோட்டா: கையால் நிரப்புவோருக்கு

1960 முதல் 1980 வரை அமெரிக்காவில் தயாரான ரெமிங்டன் 742 உட்ஸ்மாஸ்டர், வாயு அழுத்தத்தில் இயங்கும் அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி. இங்கே சொல்வதெல்லாம் அதன் .30-06 தோட்டா போடும் வகைக்கு, சுட்ட பித்தளைக் கூட்டில் புதிதாகப் பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்துத் தோட்டாவைத் தாமே செய்துகொள்வோருக்கு. 100 கெஜத்தில் மூன்று குண்டுகளை 2 அங்குலத்துக்குள் போட்டால் அது நல்ல 742. போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்டைக் கையால் இயக்கும்) துப்பாக்கி தரும் ஒரு அங்குலக் குழுவை (குண்டுகள் விழும் பரப்பை) இதனிடம் எதிர்பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் துப்பாக்கிதான் கெடும்.

மருந்தை எடைபோடுவதற்கு முன் துப்பாக்கியைப் பாருங்கள். போல்ட்டை (தோட்டாவின் பின்னால் பூட்டும் பாகத்தை) பின்னுக்கு இழுத்து, அது ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் உள்பக்கத் தண்டவாளங்களில் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். போல்ட்டின் பற்கள் மோதி அங்கே படிப்படியாக வெட்டுத்தழும்பு விழுவது இந்த மாடலின் பரம்பரை நோய். லேசான தேய்மானத்தோடு காலம் தள்ளலாம். ஆழமாகக் கடித்திருந்தால் சரிசெய்ய வழியில்லை, அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

அடுத்தது சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை. .30-06 சேம்பருக்கென்றே உள்ள பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். துருவோ கரியோ இருந்தால் கூடு ஒட்டிக்கொள்ளும், கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைக் கிழிக்கும். எண்ணெய் மிஞ்சியிருந்தால் கூடு சுவரைப் பற்றாமல் போல்ட்டின் மேல் கூடுதல் உதை விழும். கூடவே ஸ்கோப் மவுண்ட் திருகுகளையும் முன்கட்டையின் திருகையும் இறுக்குங்கள். முன்கட்டைத் திருகு எவ்வளவு இறுகியது என்று பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அது தளர்ந்தால் குழு சிதறும், பழி மருந்தின் மேல் விழும். தோட்டா சரியில்லை என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு திருகில் முடிந்துபோகும்.

கூடுகள் ஒரே தயாரிப்பாக, இந்தத் துப்பாக்கியில் சுட்டவையாக இருக்கட்டும். சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சுதான் டை. கழுத்தை மட்டும் சுருக்கும் டை இதற்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் முழுநீளச் சுருக்கம் தேவை, தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே கூடு சரியும் பகுதி) 0.003 முதல் 0.005 அங்குலம் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். சாதாரண டையில் சுருக்கிய கூடு அளவு பார்க்கும் கேஜில் சுலபமாக இறங்கவில்லையானால், அடிப்பகுதியை இன்னும் சுருக்கும் ஸ்மால் பேஸ் டைக்கு மாறுங்கள். கூட்டின் அதிகபட்ச நீளம் 2.494 அங்குலம், வெட்ட வேண்டிய நீளம் 2.484. நான்கைந்து முறை நிரப்பியதும் நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிச்சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் குப்பைக்கு.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே உட்கார வேண்டும். விரலால் தடவினால் மேடு தெரியவே கூடாது. வேகமாக வந்து மோதும் போல்ட் துருத்திய பிரைமரை, ட்ரிக்கரைத் தொடாமலேயே வெடிக்கவைக்கலாம். மென்மையான பிரைமர்களை விட்டுவிட்டு சிசிஐ 200 அல்லது ராணுவ வகையான சிசிஐ 34 எடுங்கள்.

மருந்தில் ஐஎம்ஆர் 4895, எச்4895, ஐஎம்ஆர் 4064 போன்ற நடுத்தர வேகம் உள்ளவை போதும். எச்4831 போல மெதுவாக எரிவதைப் போட்டால் குண்டு வாயுத்துளையை (போல்ட்டை இயக்கும் வாயு குழலிலிருந்து பிரியும் துளையை) தாண்டும்போதும் அழுத்தம் அதிகமாக இருந்து போல்ட்டைப் பின்னுக்கு அறையும். தண்டவாளம் தேய்வதும் விளிம்பு கிழிவதும் அதனாலும் நடக்கும். குண்டு 150 அல்லது 165 கிரெய்ன் (எடை அளவு), நடுவில் கிரிம்ப் பள்ளம் (கூட்டின் வாயை அழுத்திப் பிடிக்கவைக்கும் வரி) உள்ளதாக. 180 சுடலாம், ஆனால் மானுக்கு அவசியமில்லை.

அளவுகளை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சில கையேடுகளில் எம்1 கேரண்ட் என்ற பழைய ராணுவ அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கென .30-06 தனிப்பகுதி உண்டு. அந்த மென்மையான அளவுகள் இதற்கும் நல்ல தொடக்கம். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து 0.5 கிரெய்ன் வீதம் ஏற்றி ஐந்து படிகள், படிக்கு மூன்று தோட்டாக்கள். எச்4895-ஐ வெகுவாகக் குறைத்துச் சுடலாம் என்பது உண்மை, ஆனால் அந்த அளவில் இந்தத் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது.

மொத்த நீளம் 3.340 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரைஃப்ளிங்கை (குழலுக்குள் உள்ள சுழல் வரிகளை) ஒட்டிக் குண்டை நீட்டி வைக்கும் வித்தை இங்கே செல்லாது, மேகசின் இடம் தராது. கிரிம்ப் பள்ளம்வரை இறக்கி, லேசாகக் கிரிம்ப் செய்யுங்கள். பிறகு ரேஞ்சில், குழலை இலக்குப் பக்கம் வைத்து, அளந்த தோட்டா ஒன்றை மேகசினிலிருந்து முழு வேகத்தில் ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளக்கவும். 0.003 அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் கழுத்தின் பிடி போதவில்லை. குண்டு உள்ளே போனால் அழுத்தம் ஏறும், அதனால் இதைச் சரிசெய்யாமல் சுட வேண்டாம்.

சுடும்போது மணல்பை எப்போதும் முன்கட்டையின் ஒரே இடத்தில், ரிசீவருக்கு அருகில் இருக்கட்டும். முதல் தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் மெல்ல விடாமல் தானே பாயவிடுங்கள். மெல்ல விட்டால் அது பூட்டும் விதம் மாறி முதல் குண்டு தனியே போய் விழக்கூடும். மூன்று சுட்டதும் குழல் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

முடிவைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து படிகளில் மிகச் சிறிய குழு எது என்று தேடக் கூடாது, மூன்று குண்டுகள் தற்செயலாகவும் ஒட்டி விழும். அடுத்தடுத்த இரண்டு படிகள் ஒரே உயரத்தில் விழும் இடத்தைத் தேடுங்கள். அங்கே 0.1 கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் குண்டு இடம் மாறாது. அந்த அளவில் வெவ்வேறு நாட்களில், ஆறிய குழலோடு மும்மூன்று சுட்டு உறுதிப்படுத்துங்கள். வேட்டையில் கணக்கு முதல் குண்டுக்குத்தான்.

கீழே விழுந்த கூடுகளையும் பொறுக்கிப் பார்க்க வேண்டும். கூடு வெளியேறாமல் சிக்கினால் மருந்து குறைவு, அல்லது வாயுத்துளையில் கரி. விளிம்பு வளைந்திருந்தால் சேம்பர் அழுக்கு, அல்லது மெதுவான மருந்து. பிரைமர் தட்டையானால் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், தோள்பட்டையை அளவுக்கு மீறித் தள்ளியிருந்தாலும் அப்படியே தெரியும். இரண்டையும் அளந்து பார்க்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். மருந்து டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் 5 சதவீதம் குறைத்து மீண்டும் ஏறி வாருங்கள்.